இல்லப் பகுதி: எந்தப் பெட்டியை வாங்குவது?

சென்ற திங்கள் உரிகத்திலிருந்து அன்பர் ஒருவர் எமக்கொரு கடிதம் விடுத்திருந்தார். வைகறையில் மாரிகுப்பத்து ரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து, ஊர் அடங்கிய பின் வீடு திரும்பும் நம்மவர் ஆயிரக்கணக்கானோரில் அவரும் ஒருவர். அவருடைய மகளுக்கு வயது பதினொன்று. கோவில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் இளைஞர் பக்கத்தில் அமர்ந்து, பார்த்தும் கேட்டுமே நான்கைந்து பாடல்களைக் கற்றுக்கொண்டாளாம். இதைக் கண்ட ராபர்ட்சன்பேட்டை ஆசிரியை ஒருவர் கடந்த ஆனி முதல் அவளுக்குப் பியானோ கற்பித்து வருகிறார். வாரத்தில் இருநாள் ஆசிரியை வீட்டில் பாடம். எஞ்சிய ஐந்து நாளும் சாப்பாட்டு மேசையின் விளிம்பில் விரலோட்டம். “வீட்டில் ஒரு பெட்டி இல்லாமல் இனி மேற்செல்ல இயலாது” என்று ஆசிரியை சொல்லிவிட்டார்.

அன்பர் இரண்டாண்டுகளாகச் சேர்த்த தொகை இருபத்தெட்டாயிரம் ரூபாய். பெங்களூரில் மூன்று கடைகள் ஏறி இறங்கியிருக்கிறார். ஒரு கடையில் பன்னிரண்டாயிரத்துக்கு ஒரு கீபோர்டைக் காட்டி இதுவே போதும் என்றனர். மற்றொன்றில் எழுநூறு ஓசைகளும் இருநூறு தாளங்களும் உள்ள பெட்டியை முழக்கிக் காட்டினர். மூன்றாவது கடையில், “பியானோ கற்கும் பிள்ளைக்குக் கீபோர்டா?” என்று நகைத்து, அறுபதாயிரத்துக்கு ஒரு டிஜிட்டல் பியானோவைக் காட்டி, மாதத் தவணைக்கான தாளையும் நீட்டிவிட்டனர். அவர் மனைவியாரோ, இத்தொகையில் ஒரு பகுதி அடுத்த ஆண்டுப் பள்ளிக் கட்டணத்துக்கு வேண்டுமே என்கிறார். “ஒருமுறைதான் எம்மால் வாங்க முடியும், எதை வாங்கினால் பணமும் வீணாகாமல், பிள்ளையின் ஆர்வமும் கெடாமல் இருக்கும்?” என்பதே அவர் வினா.

இத்தகைய வினாவுக்கு விடையளிக்க எமக்குள்ள தகுதி, யாம் ஒருமுறை தவறாக வாங்கியவர்கள் என்பதே. 2011-ஆம் ஆண்டு எம் மகனுக்கு ஒன்பது வயது. பெங்களூர்க் கடையொன்றில் விலை மலிவாக இருந்த நாற்பத்தொன்பது கட்டைப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தோம். கட்டைகள் குழந்தை விரலுக்கேற்பச் சிறுத்திருந்தன. அதையே ஒரு வசதி என்று கடைக்காரர் சொல்ல, யாமும் தலையசைத்தோம். பையன் ஓராண்டு விடாமல் வாசித்தான். பின்னர் ஒரு விழாவில் உண்மைப் பியானோவின் முன் அவனை அமர்த்தினர். கட்டை அகலம் வேறு, கனம் வேறு. வீட்டில் வழுக்கிக்கொண்டு ஓடிய விரல்கள் அங்கே ஒவ்வொரு கட்டையிலும் இடறின. பாதிப் பாட்டில் எழுந்து வந்துவிட்டான். வீட்டுக்கு வந்த பின் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளியவன் மறுமுறை எடுக்கவேயில்லை. குற்றம் பிள்ளையினுடையது என்றே யாம் பல நாள் எண்ணியிருந்தோம். அது எம்முடையது என்பது விளங்க நெடுங்காலம் பிடித்தது.

ஆகவே முதலில் பெட்டிகளின் குலங்களைப் பிரித்தறிதல் நன்று. கடையில் எல்லாம் ஒரே வரிசையில் கறுப்பும் வெள்ளையுமாக அடுக்கப்பட்டிருக்கும். கண்ணுக்கு ஒன்றே போலத் தோன்றினும், கைக்கு அவை வேறு வேறு.

பியானோவை ஏறத்தாழ 1700-ஆம் ஆண்டில் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் உருவாக்கியவர் பார்த்தோலோமியோ கிறிஸ்தோஃபோரி. அதன் முழுப்பெயரான பியானோஃபோர்ட்டே என்பதற்கு ‘மென்மையும் வன்மையும்’ என்பது பொருள். அதற்கு முன்னிருந்த நரம்புப் பெட்டிகள் பலவற்றில் கட்டையை மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஓசை ஏறக்குறைய ஒன்றே. கிறிஸ்தோஃபோரி கட்டைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சிறு சுத்தியலை வைத்தார். விரல் எவ்வளவு விரைந்து அழுத்துகிறதோ அவ்வளவு விரைவாகச் சுத்தியல் கம்பியைத் தாக்கும். ஓசையும் அதற்கேற்ப உயரும். பியானோக் கல்வியில் பாதி இந்த ஒன்றைப் பயிலுவதே. எண்பத்தெட்டுக் கட்டைகள், இருநூறுக்கும் மேற்பட்ட கம்பிகள், அவற்றின் இழுவிசையைத் தாங்கும் வார்ப்பிரும்புச் சட்டம் எல்லாம் கூடியது அது. நம் லைன் வீடுகளின் வாயிலில் அது நுழையாது; நுழைந்தாலும் ஆண்டுக்கொரு முறையேனும் சுருதி கூட்டும் வல்லுநரை அழைக்க வேண்டும். எங்கேனும் பழைய பியானோ மலிவாகக் கிடைக்கிறது என்று யாரேனும் சொன்னால், நெஞ்சு துள்ளினும் காலை அடக்குங்கள். கரையான் தின்ற பலகையையும் இறுக்கம் விட்ட முளைகளையும் செப்பனிடும் செலவில் இரண்டு புதுப் பெட்டி வாங்கிவிடலாம்.

ஆர்மோனியம் நமக்கு நெருங்கிய உறவு. பாரிஸ் நகரில் அலெக்சாந்தர் தெபேன் என்பார் 1842-இல் அப்பெயரால் உரிமம் பெற்றது காலால் துருத்தி மிதிக்கும் பெருங்கருவி. அதைத் தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தி தள்ளி மறு கையால் வாசிக்கும்படி சுருக்கியமைத்தவர் கல்கத்தாவின் துவாரகநாத் கோஷ். அந்தச் சிறு பெட்டிதான் நாடகக் கொட்டகை, பஜனை மடம், கோவில் எல்லாவற்றிலும் புகுந்தது. நம் முன்னோர் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தங்கவயலுக்கு வந்தபோது, நாடகமும் பஜனையும் வந்த வழியே பெட்டியும் வந்தது. இன்றும் ‘பெட்டி வாசிக்கிறார்’ என்றால் நம் பெரியோர் மனத்தில் எழுவது ஆர்மோனியமே.

அதற்கு நேர்ந்த ஓர் இழுக்கையும் நேயர்கள் அறிந்திருத்தல் தகும். பெட்டி வாங்குவோர்க்கு அதிலொரு பாடமுண்டு. 1940 மார்ச்சு முதல் அகில இந்திய வானொலி தன் நிகழ்ச்சிகளிலிருந்து ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. அவ்விலக்கு தளரத் தொடங்கியது 1970-க்குப் பின்னரே. விலக்கியோர் சொன்ன காரணம் இது: ஆர்மோனியத்தின் கட்டைகள் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமப் பங்காக அறுத்துவிடுகின்றன, ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு வழுக்கிச் செல்லவோ, ஒரு சுரத்தையே அசைக்கவோ அதனால் இயலாது. காரணத்தில் உண்மை இருந்தது. தம்பூராவோடு சேர்த்துக் கேட்டால் பெட்டியின் அந்தர காந்தாரம் சற்றே மேலே நிற்பதைக் கூரிய செவியுடையார் உணர்வர். தோடியையும் பைரவியையும் கட்டையில் மட்டும் வாசித்துக் கேட்டால் எலும்பு மட்டுமே மிஞ்சும். ஆயினும் மக்கள் பெட்டியைக் கைவிடவில்லை. ஏழை வீட்டில் குழந்தை சுருதி பிடித்துப் பாட அதைவிட எளிய துணை வேறில்லை என்பதே அதற்குக் காரணம் என்பது எம் கருத்து.

இங்கே சொல் ஒன்றைப் பற்றிச் சிறிது. ‘எனக்கு ஒரு கட்டை’, ‘அம்மையார் ஐந்தரைக் கட்டையில் பாடுகிறார்’ என்று நாம் சொல்லும் கட்டை, இந்தப் பெட்டியின் கட்டையேயன்றி வேறன்று. மேனாட்டார் ‘சி’ என்று வழங்கும் வெள்ளைக் கட்டையை ஒன்று என வைத்து, ‘டி’ இரண்டு, ‘ஜி’ ஐந்து என்று எண்ணி, இடையிலுள்ள கருங்கட்டைகளை ஒன்றரை, ஐந்தரை என்று அழைத்தனர். மேடையில் பெட்டியை ஏற்காத வித்துவான்களும் தம் சுருதியைப் பெட்டியின் மொழியிலேயே சொல்லி வந்தது ஒரு வேடிக்கை. யாமும் இக்கட்டுரையில் ‘கட்டை’ என்றே எழுதுகிறோம். கடைக்காரர் ‘கீ’ என்பார்.

இனி மின் பெட்டிகள். காசியோ நிறுவனம் 1980-இல் காசியோடோன் என்ற முதல் கீபோர்டை வெளியிட்டது. 1983-இல் வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ள ‘மிடி’ என்னும் பொது ஏற்பாடு வந்தது. அதன் பின் பெருகிய வெள்ளம்தான் நம் கல்யாண மேடை மெல்லிசைக் குழுக்கள் வரை வந்து சேர்ந்திருக்கிறது. யமஹா நிறுவனம் 2019-இல் சென்னைக்கருகே ஆலையொன்று அமைத்துக் கீபோர்டு செய்யத் தொடங்கியது. தபலா, தம்பூரா, ஆர்மோனியம், நாட்டார் தாளங்கள் முதலியன அடங்கிய இந்தியப் பெட்டிகளை யமஹாவும் காசியோவும் விற்று வருகின்றன.

இவற்றுள் மூன்று வகை உண்டு. முதலாவது, கட்டைகள் சிறுத்த விளையாட்டுப் பெட்டி. யாம் வாங்கி ஏமாந்தது இதுவே. பியானோவில் ஒரு ஸ்தாயியின் அகலம் ஏறக்குறைய பதினாறரை சென்டிமீட்டர். கடைக்குப் போகையில் சட்டைப்பையில் ஒரு அளவுகோல் இருக்கட்டும். ‘சி’ கட்டையின் இடது ஓரத்திலிருந்து அடுத்த ‘சி’ கட்டையின் இடது ஓரம் வரை அளந்து பாருங்கள். பதினாறுக்குக் கீழே இறங்கினால் பெட்டியை வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். குழந்தையின் கை சிறிது என்பதால் கட்டையும் சிறிதாக இருக்க வேண்டுமென்பது பொருந்தாத வாதம். கை வளரும், கட்டை வளராது.

இரண்டாவது, அறுபத்தொரு கட்டைக் கீபோர்டு. ஐந்து ஸ்தாயி, முழு அகலக் கட்டை, நீளம் மூன்றடியை ஒட்டியது. இதிலும் இரு பிரிவு உள்ளன, கடைக்காரர் அதை உரக்கச் சொல்வதில்லை. ஒரு பிரிவில் மெல்லத் தொட்டாலும் ஓங்கித் தொட்டாலும் ஓசை ஒன்றே. மற்றதில் தொடுகைக்கேற்ப ஓசை மாறும். ‘டச் ரெஸ்பான்ஸ்’ என்று அட்டையில் எழுதியிருக்கும். இதன் நுட்பம் எளிது. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ரப்பர் குமிழொன்றில் இரண்டு கரிப் புள்ளிகள் உள்ளன. கட்டை இறங்குகையில் ஒன்று முன்னும் மற்றது பின்னுமாகத் தொடுகின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை உள்ளிருக்கும் சில்லு அளக்கிறது. நேரம் குறைந்தால் விரல் விரைந்தது என்று கொண்டு ஓசையை உயர்த்துகிறது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்தோஃபோரி சுத்தியலால் செய்ததை இது கணக்கால் செய்கிறது. தொடுகை உணராத பெட்டியில் ஓராண்டு பயின்ற பிள்ளை பியானோவில் அமர்ந்தால் எல்லாச் சுரத்தையும் ஒரே அழுத்தத்தில் குத்தும். இச்சிறு வேறுபாட்டுக்காக இரண்டாயிரம் மூவாயிரம் கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தாலும் கொடுக்கலாம். மற்ற எந்த அலங்காரத்துக்கும் கொடுக்க வேண்டாம்.

மூன்றாவது, எண்பத்தெட்டுக் கட்டையுள்ள டிஜிட்டல் பியானோ. இதன் கட்டைகளுக்குள் சிறு எடைகளும் சுத்தியல் போன்ற நெம்பும் உண்டு. விரலுக்குப் பியானோவின் கனம் தெரியும். இடப்பக்கக் கட்டைகள் சற்றே கனத்தும் வலப்பக்கக் கட்டைகள் இலேசாகவும் இருக்கும். யமஹாவின் பி-45, அதன் இடத்தில் 2023-இல் வந்த பி-145, காசியோவின் சி.டி.பி.-எஸ்110, ரோலண்டின் எஃப்.பி.-10 முதலியன இவ்வகையில் அடிப்படைக் கருவிகள். எடை பத்து முதல் பன்னிரண்டு கிலோ. நீளம் நான்கடி நான்கங்குலத்தை ஒட்டியது. நம் வீடுகளில் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே அது அடங்குமா என்பதைச் சுவரில் சுண்ணாம்புக் கோடு போட்டு அளந்த பின்பே ரயிலேறுங்கள். இதை எழுதும் வேளையில் புதியதன் விலை நாற்பதாயிரத்தை ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கிறது. அறுபதாயிரத்துக்குக் காட்டப்பட்டது மோசமான கருவியாக இராது. தொடக்க மாணவிக்குத் தேவையானதைக் காட்டிலும் கூடுதலானது, அவ்வளவே.

எழுபத்தாறு கட்டை என்று ஓர் இடைப்பட்ட வகையும் உண்டு. பெரும்பாலானவற்றில் கட்டைக்குக் கனமில்லை. நீளம் மட்டும் கூடுதல். எமக்கு அது இரண்டுங்கெட்டானாகவே படுகிறது.

எழுநூறு ஓசை, இருநூறு தாளம் என்பனவற்றைப் பற்றி ஒரு சொல். ஒரு பொத்தானை அழுத்தினால் மிருதங்கமும் கிதாரும் தாமே முழங்க, குழந்தை ஒரு விரலை வைத்தால் ஒரு கச்சேரியே நடந்துவிடும். விருந்தினர் வியப்பர். பிள்ளையும் தான் வாசித்ததாகவே நம்பும். ஆறு மாதம் கழித்துத் தாளப் பொத்தானை நிறுத்திவிட்டு வாசிக்கச் சொன்னால் காலப்பிரமாணம் நில்லாது. மெல்லிசைக் குழுவில் சேர்ந்து பொருளீட்டும் இளைஞர்க்கு அவை தொழிற்கருவி; யாம் மறுக்கவில்லை. பயிலும் பிள்ளைக்கு அவற்றின் தேவை குறைவு. ‘டிரான்ஸ்போஸ்’ என்னும் பொத்தான் மட்டும் நமக்குப் பெரிதும் பயன்படும். பாடகர் ஐந்தரைக் கட்டையில் பாடினாலும் ஒன்றரையில் பாடினாலும் பெட்டிக்காரர் தம் விரலிடத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் ஏற்றி இறக்கலாம். இதுவும் அளவோடு இருத்தல் நலம். பொத்தானையே நம்பியிருப்பவர் மற்றச் சுருதிகளில் விரல் வைக்கவே அறியார்.

கருநாடக இசை கற்பிக்க எண்ணும் பெற்றோர் சிலரும் கீபோர்டு வாங்கலாமா என்று எம்மைக் கேட்டதுண்டு. கட்டையின் இடப்புறம் ‘பிட்ச் பெண்ட்’ என்றொரு சிறு உருளை சில பெட்டிகளில் இருக்கும். அதை அசைத்தால் சுரம் வளையும். சென்னையில் கே. சத்யநாராயணன் போன்றார் வலக்கை கட்டையிலும் இடக்கை உருளையிலுமாகக் கமகங்களை எழுப்பி, முழுக் கச்சேரியே செய்து வந்திருக்கின்றனர். ஏ. ஆர். ரகுமான் கட்டையே இல்லாது ஒரே பரப்பில் விரல் வழுக்கும் கண்டினியம் என்ற கருவியையும் கையாண்டார். இவையெல்லாம் கற்றுத் தேர்ந்தோர் செயல். தொடக்கப் பிள்ளைக்கு யாம் சொல்வது, சரளி வரிசையை வாயால் பாடுக. பெட்டி சுருதிக்கு மட்டும் இருக்க. அந்நிலையில் விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை. உருளை உள்ள அறுபத்தொரு கட்டையோ, நல்ல ஆர்மோனியமோ போதும்.

தேர்வு எழுத விரும்புவோர் ஒன்றை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். லண்டன் டிரினிட்டி கல்லூரியார் பியானோவுக்கு ஒரு பாடத்திட்டமும் மின் கீபோர்டுக்கு வேறொரு பாடத்திட்டமும் வைத்துள்ளனர். இரண்டும் தொடக்க நிலை முதல் எட்டாம் நிலை வரை செல்வன. ஆனால் ஒன்றுக்குப் பயின்ற கை மற்றதற்கு உடனே உதவாது. ஆசிரியை எதற்கு ஆயத்தம் செய்கிறார் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட்டு இருபதாயிரத்தை இழந்த வீடு ஒன்றை யாம் அறிவோம்.

இனி நம் ஊருக்கே உரிய இரண்டு பகை. ஒன்று மின்சாரம். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி வழியே மின்சாரம் வந்து நம் சுரங்கங்களின் இயந்திரங்களைச் சுழற்றியது. பெங்களூர் மாநகரே 1905-இல்தான் மின்விளக்குக் கண்டது. அத்தனை பழம்பெருமை உடைய ஊரில் இன்று மாலை வேளை விளக்கு அணைவதும் எரிவதுமாக இருக்கிறது. ஆகவே மின்கலத்தாலும் இயங்கும் பெட்டியா என்று கேளுங்கள். பல அறுபத்தொரு கட்டைப் பெட்டிகளும், மேற்சொன்ன காசியோ சி.டி.பி.-எஸ்110-உம் ஆறு சிறு மின்கலங்களில் இயங்கும். யமஹா பி-45 இயங்காது. அடாப்டர் பழுதுபட்டால் தெருக்கடையில் கிடைத்ததைச் செருகிவிடாதீர். யமஹாவின் அடாப்டர் பெரும்பாலும் 12 வோல்ட், நடு முனை நேர்மின். காசியோவின் அடாப்டர் வோல்ட்டிலும் முனையின் மின்குறியிலும் கருவிக்குக் கருவி வேறுபடக்கூடும். முனை ஒன்றே போல் நுழையவும் கூடும். மாற்றிச் செருகினால் உள்ளிருக்கும் பலகை ஒரு நொடியில் கருகக்கூடும். பெட்டியின் பின்புறம் நடுவில் புள்ளியிட்ட சிறு வட்டக்குறி ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். அடாப்டரிலும் அதே குறி இருக்கிறதா என்று பார்த்த பின்பே செருகுக.

மற்றொரு பகை தூசி. சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. நூறாண்டுக்கு மேலாக அரைத்துக் கொட்டிய சயனைடு மேடுகளோ அங்கேயே நிற்கின்றன. மூன்று கோடி டன்னுக்கும் மேற்பட்ட மாவுப் பொடி அது. ஆடிக்காற்று எழுந்தால் அது நம் சமையலறைப் பாத்திரம் வரை வருவதை எந்த இல்லத்தரசிக்கும் யாம் சொல்ல வேண்டியதில்லை. அதே பொடி கட்டையிடுக்கில் இறங்கி, மேலே சொன்ன கரிப் புள்ளிகளில் படிந்துவிட்டால், சில சுரங்கள் ஒலிக்க மறுக்கும். சில திடீரென்று அலறும். விலை கொடுத்து உறை வாங்க வேண்டுவதில்லை. பழைய பருத்திச் சேலை ஒன்றை இரண்டாக மடித்து, வாசித்து முடித்ததும் மூடுக. ஜன்னலுக்கு நேரே பெட்டியை வையாதிருக்க. ஈரத் துணியால் கட்டைகளைத் துடைப்பதும் கூடாது. பிழிந்து உலர்த்திய துணி போதும்.

நம் லைன் வீடுகளில் ஒரு சுவருக்கு அப்பால் மற்றொரு குடும்பம். இரவு ரயிலில் வந்தவர் உண்டு படுத்திருப்பார். அதிகாலை நாலு மணிக்கு எழ வேண்டியவர். பிள்ளைக்குப் பயிற்சிக்குக் கிடைக்கும் நேரமும் அதுவே. காதொலிப்பான் துளை பெட்டியில் உள்ளதா என்று பார்க்க வேண்டியது இதனாலேயே. துளை பெரியதாயின், கைப்பேசிக்கு உரிய சிறு முனையைச் செருக ஒரு மாற்று முனை வேண்டும். அதன் விலை சிறிது. ஓசையைக் குறைத்து வைத்துக்கொள்ளக் குழந்தைக்குக் கற்பியுங்கள். காது ஒருமுறை கெட்டால் மாற்றிக்கொள்ள வழியில்லை.

கடையில் எவ்வாறு பார்ப்பது? குழந்தையை உடன் அழைத்துச் செல்லுங்கள், முடிந்தால் ஆசிரியையையும். கடைக்காரரின் கச்சேரி முடியும் வரை காத்திருந்து, தாளம், எதிரொலி முதலிய ஒப்பனைகளை நிறுத்தச் சொல்லுங்கள். ஒரே கட்டையைப் பூவைத் தொடுவது போலவும், பிறகு ஓங்கியும் தொட்டுப் பார்க்க. ஒரே கட்டையை விரைவாகப் பத்து முறை தட்டுக. ஏதேனும் ஒன்று ஒலிக்காது போகிறதா என்று கவனிக்க. காலால் மிதிக்கும் பெடலை அழுத்தியபடி ஒவ்வொரு கட்டையாக இடமிருந்து வலம் வாசித்தால், பெட்டி ஒரே வேளையில் எத்தனை ஓசையைத் தாங்கும் என்பது தெரிந்துவிடும். தாங்காத பெட்டியில் முதலில் தொட்ட சுரங்கள் திடீரென்று அறுந்து போகும். அறுபத்துநான்கு ஓசை தொடக்கத்துக்குப் போதும். நாற்காலி இல்லாது நின்றபடியே பார்த்துவிட்டு வராதீர். அமர்ந்தால் முழங்கையும் கட்டையும் ஒரே மட்டத்தில் வர வேண்டும். வீட்டில் தாங்கி வாங்கப் பணமில்லையெனில், உறுதியான மேசை போதும். மேசை உயரமாயின் நாற்காலியின்மேல் பலகை இட்டு உயர்த்துக. கட்டிலில் பெட்டியை வைத்துத் தரையில் குந்தி வாசிக்கும் பழக்கம் மட்டும் வேண்டா. மணிக்கட்டு வளைந்து நோகும்.

இப்போது உரிகத்து அன்பருக்கு.

உங்கள் ஆசிரியை கற்பிப்பது பியானோ என்று எழுதியிருக்கிறீர். ஆகவே எண்பத்தெட்டு கனக்கட்டைப் பெட்டியே உம் மகளுக்கு உரியது. அது வரும் வரை பன்னிரண்டாயிரத்துப் பெட்டியை இடைக்கால ஏற்பாடாக வாங்குவது, ஒருமுறைதான் வாங்க முடியும் என்ற உம் நிலைக்கு ஒவ்வாது. அறுபதாயிரத்தையும் தவணைத் தாளையும் மறந்துவிடுக. சம்பள நாளில் சுரங்க வாயிலில் காத்து நின்ற வட்டிக்காரர் கதைகளைத் தந்தையரிடம் கேட்டு வளர்ந்தவர் நாம். இசைக்காகக் கடன்பட்டால், ஒவ்வொரு மாதமும் தவணை நாளன்று அப்பிள்ளையின் வாசிப்பையே நீர் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவீர். அதைவிடப் பெட்டி இல்லாதிருப்பதே மேல்.

உம் கையிலுள்ள இருபத்தெட்டாயிரத்தில் எட்டாயிரத்தைப் பள்ளிக் கட்டணத்துக்கென்று உம் மனைவியாரிடமே கொடுத்துவிடுக. எஞ்சிய இருபதாயிரத்தோடு, பெங்களூரில் ஒருவர் வாசித்து விற்கும் கருவியைத் தேடுக. பிள்ளைகள் வெளிநாடு சென்றதாலும், ஆர்வத்தோடு வாங்கி ஆறு மாதத்தில் ஓய்ந்ததாலும், அந்நகரில் உறை போட்டபடி கிடக்கும் டிஜிட்டல் பியானோக்கள் பல. இரண்டு மூன்று திங்கள் பொறுத்துத் தேடினால் அவ்விலைக்குள் அமைய வாய்ப்புண்டு. அதுவரை மகளுக்கு வாரம் இருநாளுக்குப் பதிலாக நான்கு நாள் தன் வீட்டில் அரைமணி வாசிக்க இடந்தரும்படி ஆசிரியையைக் கேளுங்கள். கோவில் பெட்டியையும் ஞாயிறு வழிபாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம் கேட்டுப் பெறலாம். தங்கவயலில் இல்லை என்று சொல்பவர் அரிது.

பழங்கருவியைப் பார்க்கச் செல்கையில் எண்பத்தெட்டுக் கட்டையையும், ஒன்றையும் விடாது, மெல்ல ஒருமுறை வன்மையாக ஒருமுறை தொட்டுப் பாருங்கள். அடாப்டர் அதனுடையதேயா என்று குறியைச் சரிபாருங்கள். பெடலைச் செருகிக் காட்டச் சொல்லுங்கள். காதொலிப்பான் துளையைச் சோதியுங்கள். கட்டைகள் பக்கவாட்டில் ஆடினாலோ, அழுத்தும்போது அடியில் மரத்தைத் தட்டுவது போல ஓசை வந்தாலோ, விலையைக் குறைத்துக் கேட்க வேண்டாம், வந்துவிடுங்கள். பழுது பார்ப்போர் நம் ஊரில் இல்லை. பன்னிரண்டு கிலோவைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் பெங்களூர் செல்வது நீர் ஒருவரே.

வாங்கிய பின் மாலை ரயிலில் கொண்டுவர எண்ணாதீர். அந்நேரத்துப் பெட்டிகளில் நிற்கவே இடமிராது. ஞாயிற்றுக்கிழமை முற்பகல் வண்டியில், பழைய போர்வை இரண்டில் சுற்றி, நெட்டாக அன்றிப் படுக்கையாக வைத்துக் கொணர்க. உடன் ஒருவர் இருத்தல் நலம். பங்காரப்பேட்டை வந்து வண்டி நிற்கையில் இருவரும் ஒருசேர இறங்கித் தேநீர் அருந்தப் போய்விடாதீர்.

மகளின் பாடம் எவ்வாறு நடக்கிறது என்று தைத் திங்களில் ஒரு வரி எழுதுவீராக. எம் வீட்டுக் கட்டிலடியில் இன்னும் கிடக்கும் அந்த நாற்பத்தொன்பது கட்டைப் பெட்டியை யாருக்கும் கொடுக்க எமக்கு மனம் வரவில்லை. கேட்டு எழுத வேண்டாம்.